அந்தத் தட்டு ஓடிய வேகம்

மாங்குளம்,
2006 ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுதர்சினிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். என் பக்கத்துச் சுகத்தைக் கேட்டால், முன்பல் ஒன்று போனதைத் தவிர மற்றவை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எழுபது வயதுக்கு இது குறைந்த சேதம். வீட்டுக் கூரை வேலை ஒருவாறு முடிந்துவிட்டது. பின் அறைக்கு ஓடு போதாமல் தகரம் போட்டிருக்கிறேன், மழை பெய்தால் அந்த அறையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, இருப்பது நான் ஒருத்தி என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்று அதிபர் வாசலில் வந்து நின்றார், ஓய்வு பெற்றவளை ஓய்வாக இருக்க விடாத நாடு இது, கிழமையில் மூன்று நாள் போய் வருகிறேன். பக்கத்து வளவுச் சிவலட்சுமி, மலைநாட்டில் இருந்து எழுபத்தேழில் வந்த குடும்பம் என்று முன்னர் எழுதியிருக்கிறேன், இம்முறை கச்சான் கடலை நல்ல விளைச்சல் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பல் போன பிறகுதான் இப்படியான அதிர்ஷ்டங்கள் வருகின்றன. உன் கலியாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. இந்த ஒரு வரியையே எழுதியதாக எடுத்துக்கொள்.

நீ அனுப்பிய பொதி கொழும்பில் சில நாள், வவுனியாவில் சில நாள் கிடந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் இரண்டு பக்கத்தாராலும் பிரித்துப் பார்க்கப்பட்டுக் கடைசியில் சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் நிஸாரின் கையால் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த குறுந்தட்டைச் சோதனைக்காரர் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்களாம். இவன் ரீச்சருடைய மகள் அனுப்பிய பாட்டு என்று சொன்னானாம். அப்படியானால் போட்டுக் காட்டு என்று அவர்களுடைய பாட்டுப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, பாடுகிறவன் இப்போது வாய் திறப்பான், இனித் திறப்பான் என்று பார்த்திருந்து, அலுத்துப்போய்ப் போகவிட்டார்களாம். “ரீச்சர், அவ்வளவு பேர் சேர்ந்து வாசிக்கிறாங்கள், ஒருத்தனுக்கும் பாட வராதோ” என்று நிஸார் என்னிடம் கேட்டான். உன் தொழிலைப் பற்றி இந்தச் சந்தியில் நிலவும் கருத்து அதுதான்.

உன் கடிதத்தை ஒரு முறைக்கு மேல் வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், பிழையானால் திருத்து. ஐம்பது வருடத்துக்கு முந்திய வாத்தியக் குழுப் பதிவுகளை மூல ஒலிநாடாவில் இருந்து எடுத்து, கனத்த இசைத்தட்டாக மறுபடி வெட்டி, காதை வயலைப் போலப் பராமரிக்கும் சீமான்களுக்கு விற்பது உன் கொம்பனியின் வேலை. இம்முறை அவர்களுடைய கைக்கு வந்திருப்பது, எங்கள் வீட்டில் ஓடிய அதே சிம்பனியின் அதே பதிவு. அந்த ஒலிநாடா நூற்றுக்கு மூன்று பங்கு வேகமாக ஓடுகிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். பழைய ஆட்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த ஊர் வாத்தியக் குழு அக்காலத்தில் சுருதியைச் சற்றுத் தாழ்த்தியே வைத்திருந்தது, பதிவு செய்த இயந்திரத்தின் வேகமும் ஐயத்துக்குரியது என்று நீ வாதாடியிருக்கிறாய். இந்தப் பதிவை இளமை முழுவதும் கேட்டு வளர்ந்தவள் என்பதால் உன் மேலதிகாரி தன் ஆட்களை விட்டுவிட்டு உன் பக்கம் சாய்ந்திருக்கிறார். அடுத்த மாதம் தாய்த்தட்டு வெட்டுகிறார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அச்சாகும், திரும்பப் பெற முடியாது. அத்தோடு வரும் சிறு புத்தகத்தில் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்போகிறாய். அதற்காக நான் இரண்டு வேகத்தையும் குறுந்தட்டில் கேட்டு, மெதுவானதுதான் அப்பாவின் தட்டு என்று உறுதி சொல்லவேண்டும். அப்பாவின் றெக்கோட் எங்காவது இருந்தால் அதையும் அனுப்பவேண்டும்.

றெக்கோட் இல்லை. தொண்ணூற்றெட்டில் ஊரைவிட்டு ஓடும்போது உழவு இயந்திரப் பெட்டியில் இடம் குறைவு, நான் பானையை ஏற்றினேன். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்கே கூரை இல்லை. கேட்ட உறுதியைப் பொறுத்தவரை, ஓம், மெதுவானதுதான் எங்கள் வீட்டில் கேட்டது. ஆனால் அது பிழை, சரியானது ஒலிநாடாவின் வேகம், உன் கொம்பனியின் பழைய ஆட்கள் சொல்வதே உண்மை. முதலில் முடிவைச் சொல்லிவிட்டேன். காரணத்தை ஆறுதலாகக் கதிரையில் இருந்து வாசி.

அந்தப் பெட்டி எங்களுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். தொண்ணூறில் அரசாங்கக் கந்தோர்கள் மூடியபோது, அப்பாவோடு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த பொறியியலாளர் கொழும்புக்குப் போகும் அவசரத்தில், பற்றறியில் ஓடும் இசைத்தட்டுப் பெட்டியையும் சில தட்டுகளையும் அப்பாவிடம் விட்டுச் சென்றார். மற்றத் தட்டுகள் வெயிலில் அப்பளம் போல நெளிந்துவிட்டன, இது ஒன்றுதான் தப்பியது. அதற்குள் மின்சாரமும் போய்விட்டது, பொருளாதாரத் தடையில் பற்றறியும் வருவதில்லை, சவர்க்காரமே வராத காலத்தில் பற்றறி எங்கே வரும். ஊரில் எல்லாரும் றேடியோவுக்குச் செய்ததை நானும் செய்தேன்: சைக்கிளை நிறுத்துகாலில் ஏற்றி, பின் சில்லைச் சுழற்றி, டைனமோவில் இருந்து கம்பி இழுத்தேன். டைனமோ தருவது திசை மாறி மாறி வரும் ஆடலோட்டம், பெட்டிக்கு வேண்டியது ஒரே திசையில் போகும் நேரோட்டம். பழுதான றேடியோ ஒன்றில் இருந்து, மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் இருவாயிகளை எடுத்து நானே பற்றவைத்தேன். கொழும்புப் பல்கலைக்கழகம் எனக்குப் பௌதிகத்தில் தந்த பட்டம் வாழ்க்கையில் முழுமையாகப் பயன்பட்டது அந்த ஒரு பின்னேரம்தான் என்று நினைக்கிறேன். மிதித்ததும் நான். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், அல்லது படிக்கிறவளைப் போல இருந்தாய்.

இப்போது கவனி, இது நான் வகுப்பில் சொல்வது. அந்தப் பெட்டிக்குள் வேகத்தைப் பிடித்துவைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. போதிய மின்னழுத்தம் கிடைத்தால் தட்டு சரியான வேகத்துக்கு ஏறி அங்கேயே நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. போதாவிட்டால் குறைந்து ஓடும். நான் மிதித்தபோது போதவில்லை. அந்த வருடங்களில் ஒரு நேரம் சோறு, மற்ற நேரம் மரவள்ளி, அதைத் தின்றுவிட்டு ஒரு பக்கம் முடியும்வரை ஒரே சீராக மிதிக்கக்கூடிய வேகம் எதுவோ அதைத்தான் நான் தெரிந்தெடுத்தேன். கூடிக் குறைந்தால் வாத்தியங்கள் அழுகிற பிள்ளை போல ஏறி இறங்கும், அதை என்னால் சகிக்க முடியாது, ஆகவே சீராக மிதித்தேன். அந்தச் சீர்தான் உங்கள் இருவரையும் ஏமாற்றியது. தட்டு குறைவாக ஓடுகிறது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். “உமக்குப் பௌதிகம் தெரியும், எனக்குக் காது இருக்கு” என்றார். மிதிக்காதவரோடு வாதாட எனக்கு மூச்சு மிச்சம் இருக்கவில்லை.

முன்வீட்டு அப்புத்துரையை நீ மறந்திருக்க மாட்டாய், பனங்கட்டித் துண்டுக்காக வீட்டுக்கு வீடு வேலி அடைத்துத் திரிந்தவன். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவன் மிதித்தான். கொழுத்த காளை, இரண்டு மிதியில் தட்டு தன் வேகத்துக்கு ஏறிவிட்டது. அப்பா கதிரையில் இருந்து எழும்பி, “டேய், குண்டு போடுற பொம்மரே வருது, ஏன்ராப்பா தட்டை இந்தக் கலை கலைக்கிறாய்” என்று சத்தம் போட்டார். அவனும் விடவில்லை, “ஐயா, நான் மிதிச்சால் பாட்டு முடிஞ்சு வீட்டை போகலாம், ரீச்சர் மிதிச்சால் கோழி கூவிடும்” என்றான். நீ சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு, என் ஞாபகத்தை மட்டும் நம்பி உன் வேலையில் கைவைக்கக் கூடாது என்பதற்காகப் பஸ் ஏறித் துணுக்காய்க்குப் போனேன், அவன் இப்போது அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறான், தலை நரைத்துவிட்டது. கேட்டதும் பழைய வழக்கை இன்னும் நடத்துகிறவன் போலச் சொன்னான்: “எவ்வளவு அமத்தி மிதிச்சாலும் அதுக்கு மேல ஏறாது ரீச்சர். ஐயா தான் என்னைச் சும்மா ஏசினவர்.” ஏறாது என்றால் அதுதான் பெட்டியின் சரியான வேகம். உன் மேலதிகாரிக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதன் பிறகுதான் நிஸாரின் கடையில், மின்பிறப்பாக்கி ஓடும் நேரம் பார்த்து, உன் குறுந்தட்டைக் கேட்டேன். ஒலிநாடாவின் வேகத்தில் இருந்தது அப்புத்துரை மிதித்த நாட்களில் கேட்டதேதான். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த நாட்களில் மட்டும்தான் நான் படுத்திருந்து கேட்டேன். மிதிக்கிறவளுக்குப் பெரும்பாலும் கேட்பது டைனமோ ரயரில் உராயும் சத்தம். நிஸாரின் மனைவி ஸுல்பா தேத்தண்ணி ஆற்றியபடி, இது ஆருடைய செத்தவீட்டுக்கு அடிக்கிறது என்று கேட்டாள். “பேசாமல் இரும், ரீச்சர் சோதினை பாக்கிறா” என்று அவன் அதட்டினான். இரண்டும் முடிந்ததும் அவனே தீர்ப்பும் சொன்னான்: “முதல் ஆக்கள் பிழையில்லை. ரெண்டாவது ஆக்கள் பசியோட வாசிக்கிறாங்கள் போல.” தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

சிம்பனியின் மெதுவான பகுதியின் கடைசியில், வாத்தியக் குழுவைக் கோல் பிடித்து நடத்தும் அந்த நெறியாளர் முழுக் குழுவையும் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, ஒரு பின்னேரம் இருள்வது போல முடிக்கிறார் என்றும், வேறு எந்தப் பதிவிலும் அப்படி இல்லை என்றும், இந்த ஒலிநாடாவிலும் அது தெளிவாக இல்லாதது உன்னைக் குழப்புகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அது பின்னேரம் அல்ல. அந்த இடம் வரும்போது எனக்குக் கால் சோர்ந்துவிடும். ஒலிநாடாவில் அதைத் தேடாதே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதை முறைப்பாடாக எடுக்காதே. உன் கடிதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நீண்ட பகுதி இருக்கிறது. அப்பாவின் கதிரை இருக்கிறது, ஜாம் போத்தல் விளக்கு இருக்கிறது, வேம்பில் இருந்து கூரையில் உதிரும் பூவின் சத்தம்கூட இருக்கிறது. சைக்கிள் இல்லை. சைக்கிள் மேல் யாரும் இல்லை. நீ பொய் எழுதவில்லை, உனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை ஒருவருக்கும் அதன் நினைவு வருவதில்லை. வேறு பிள்ளைகளின் வீட்டில் அது சுவரில் இருந்து வந்திருக்கும். உங்கள் வீட்டில் அது ஓர் ஆளிடம் இருந்து வந்தது. ஒரு வீட்டில் தட்டு என்ன வேகத்தில் ஓடியது என்று ஆராய்கிறவள், அங்கே எது ஓட்டியது என்று ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். உன் தொழிலில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவே என்று நினைக்கிறேன். தாய் என்ற முறையில் இதை நான் கேட்கவில்லை. சோதனைக் கொப்பி திருத்துகிற முறையில் கேட்கிறேன்.

இனி அப்பாவின் வசனம். “எல்லாரும் ஓடுற காலத்தில ஓடாமல் நிக்கிற ஒரே மனுசன் இவன்தான்” என்று அவர் நெறியாளரைப் பற்றிச் சொன்னதைப் புத்தகத்தில் போடப்போகிறாய். சொன்னது உண்மை, ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார், வசனமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நெறியாளர் ஓடினார், அல்லது தமது வேகத்தில் நடந்தார். அப்பா அவரைச் சரியாகக் கேட்டது அப்புத்துரை மிதித்த நாட்களில் மட்டும், அப்போது ஏசினார். இல்லாத குணத்துக்காக ஓர் அயல்நாட்டுக்காரரைப் புகழ்ந்த வசனத்தை அச்சில் போட்டு, அதைப் படிக்கிற கூர்ந்த காதுக்காரர் உன் தகப்பனைப் பேதை என்று நினைக்கவேண்டாம். அவர் பேதை அல்ல. அந்தக் காலத்தில் ஓடாமல் நிற்கும் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, கிடைத்ததை வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்த இசையை நினைத்தபடியே கண்ணை மூடினார் என்றும் எழுதப்போகிறாயாம். ஓடிப்போய் இருந்த உடையார்கட்டில், கொட்டிலில், மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோது அவர் இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சிக்கு உப்புக் காணாது என்றார், உன் கடிதம் வந்ததோ என்று கேட்டார், கிணற்றுக் கட்டு இடிந்திருக்கும், திரும்பிப் போனால் முதல் வேலை அது என்றார். உப்பு இருக்கவில்லை. கடிதமும் வந்திருக்கவில்லை, பாதை அப்படி, அது உன் பிழை அல்ல. இவற்றை இதுவரை எழுதாததற்குக் காரணம் நீ கேட்கவில்லை என்பதே. இப்போதும் நீ கேட்கவில்லை, ஆனால் அச்சுக்குப் போகப்போகிறது என்பதால் எழுதுகிறேன். கிணற்றைக் கட்டிவிட்டேன்.

நீ செய்யவேண்டியது இது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே மேலதிகாரியிடம் போய், என் கணிப்புப் பிழை, ஒலிநாடாவின் வேகமே சரி என்று சொல். யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே. நினைவை நம்பினேன் என்று மட்டும் சொல்லி மழுப்பாதே, காரணத்தையும் சொல்: எங்கள் ஊரில் மின்சாரம் இருக்கவில்லை, அம்மா மிதித்தா, அந்த வேகத்தை நான் சரியென்று பழகிவிட்டேன் என்று நேரே சொல். அந்தப் பழைய ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களிடம் மன்னிப்பும் கேள், அவர்கள் சரியாகக் கேட்டிருக்கிறார்கள். வேலையில் உன் சொல்லின் பெறுமதி கொஞ்சம் குறையும். பிழையான தட்டு ஆயிரம் வீடுகளுக்குப் போன பிறகு குறைவதைவிட இப்போது குறைவது நல்லது. பக்கம் எழுதத்தான் வேண்டும் என்றால், ஒலிநாடாவைப் பாதுகாத்தவர்களைப் பற்றி எழுது. அப்பாவுக்கு அந்தப் பக்கம் தேவையில்லை. எனக்கும் தேவையில்லை, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவருடைய இடத்தில் என்னை வைக்கவும் வேண்டாம், சைக்கிளில் இருக்கும் கிழவியைப் பார்த்து அந்தச் சீமான்கள் உருகுவதை நான் விரும்பவில்லை.

இந்தக் கடிதம் நிஸாரின் கையில் வருகிறது. ஸுல்பாவையும் பிள்ளைகளையும் வவுனியாவில் விட்டுவர நாளை போகிறான். வீதியில் கண்ணிவெடி, பாதை எப்போது பூட்டுமோ தெரியாது என்று எல்லாரும் கதைக்கிறார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். “தொண்ணூறில முஸ்லிம் ஆக்களைப் போகச் சொல்லி ஒருக்காப் போனனாங்கள், ரீச்சர். இந்தமுறை ஆரும் சொல்ல முன்னம் போறம்” என்றான். அதற்குமேல் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. கடையைச் சிவலட்சுமியின் பொறுப்பில் விட்டிருக்கிறான், தான் மட்டும் திரும்பி வருவதாகச் சொல்கிறான். நீ என்னை அங்கே வரச்சொல்லி எழுதாதே, பள்ளிக்கூடத்தில் பரீட்சை வருகிறது. பாதை பூட்டினால் என் கடிதம் வராது, வராவிட்டால் வேறு விதமாக எண்ணிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டிராதே. கடிதம் வராததற்குப் பாதையே போதிய காரணம். குளிருக்குள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, உன் கையெழுத்தில் நடுக்கம் இருக்கிறது, இரத்தத்தைச் சோதித்துப் பார்.

நீ நீண்ட காலம் நல்ல செவியோடும் நேரான நாக்கோடும் இருக்கவேண்டும் என்று உன்னை ஆசீர்வதிக்கிறேன். அப்பாவின் திதி ஆவணியில் வருகிறது, நாளைக் கலண்டரில் குறித்து வை, அங்கே கோயில் தூரம் என்றால் ஒரு நேரம் மரக்கறிச் சாப்பாடு போதும்.

தாய்த்தட்டு வெட்டுவதற்கு முதல் நாள், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஒலிநாடாவை மூன்று பங்கு குறைத்து ஒரு தடவை ஓடவிட்டுக் கேள். தனியாகக் கேள். மெதுவான பகுதியின் முடிவில் கையாலேயே இன்னும் கொஞ்சம் குறை. பிறகு எழும்பி, பழைய இடத்துக்கு வேகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, சரியாக வெட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலேஸ்வரி இளையதம்பி.